பழைய லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: வகையை அறிதலும் அறிகுறி வழியே பழுது நீக்குதலும்

டிஃபரன்ஷியல் என்பது வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி. ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் விசை போகும்படி அமைத்ததே லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி. வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய இத்தகைய பின்புற டிஃபரன்ஷியலை வாங்குபவரும், அது ஏற்கெனவே பொருத்தப்பட்ட பழைய வண்டியை வாங்குபவரும் முதலில் கேட்பது "இது இன்னும் பிடிக்கிறதா?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்த வகை என்பது. ஒரே சோதனையில் ஒரு வகைக்கு நல்ல விடையாக வருவது, இன்னொரு வகைக்குத் தேய்மானத்தின் அடையாளமாக இருக்கும். நன்றாக இருக்கும் ஹெலிகல் கியர் டிஃபரன்ஷியலைச் "சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல்" (அதாவது இந்தப் பிடிப்பே இல்லாதது) என்று ஒதுக்கியவர்கள் உண்டு. உள்ளே குறுக்குத் தண்டில் சுழலும் சிறு கியர்களான ஸ்டார் பினியன்களை வெல்டிங் செய்து இறுக்கிய ஒன்றை "புதுசு போல டைட்டாக இருக்கிறது" என்று நம்பி வாங்கியவர்களும் உண்டு. இரண்டாவது தவறைச் செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், வகை அறிதலுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. எல்.எஸ்.டி. உள்ள வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு, எஞ்சினை ஓட்டிக் கியர் போடவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் இழுவிசை போவதால் வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். கீழே விவரிப்பவற்றில் வண்டியைத் தூக்கிச் செய்யும் சோதனைகள் அனைத்தும் எஞ்சினை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியின் எடையை ஸ்டாண்டுகளில் இறக்கிய பிறகு கையால் செய்ய வேண்டியவை.

வகையை உறுதி செய்தல்

பயன்பாட்டில் உள்ளவற்றை ஐந்தாகப் பிரிக்கலாம். பிளேட் வகையில், சக்கரத் தண்டுகளோடு இணையும் சன் கியர்களின் முதுகுப் பக்கம் உராய்வு பிளேட்டுகளும் இரும்பு பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங் அவற்றை எப்போதும் ஓரளவு அழுத்திக்கொண்டிருக்கும்; இதுவே முன் அழுத்தம். இழுவிசை கூடும்போது கியர்களின் விலக்கு விசையோ இந்தக் கியர்களைத் தாங்கும் கூடான கேரியரில் வெட்டப்பட்ட சரிவுகளோ அந்த அழுத்தத்தை மேலும் கூட்டும். கூம்பு வகையில் பிளேட்டுகளின் வேலையைக் கூம்பு வடிவ உராய்வுப் பரப்புகள் செய்கின்றன. டோர்சன், குவைஃப் போன்ற ஹெலிகல் வகையில் உராய்வு பிளேட் அடுக்கை நம்பி எதுவும் இல்லை. சாய்வான பற்கள் கொண்ட கியர்கள் சுமை ஏறும்போது தம் இருக்கையில் அழுந்தி, அந்த உராய்வால் விசையைப் பகிர்கின்றன. விஸ்கஸ் வகையில் மூடி முத்திரையிட்ட உறைக்குள் துளையிட்ட தட்டுகளும் கெட்டியான சிலிக்கான் திரவமும் இருக்கும். ஐந்தாவதான லாக்கர், இரு சக்கரங்களையும் முழுமையாகப் பூட்டிவிடுவதால், உண்மையில் எல்.எஸ்.டி. அல்ல என்றாலும், பழைய பொருள் விற்பனையில் எல்லாம் ஒரே பெயரில்தான் வந்து சேர்கின்றன.

வர்த்தகப் பெயரை மட்டும் வைத்து வகையை முடிவு செய்யக்கூடாது. கிரைஸ்லரின் ஷ்யூர்-கிரிப் என்ற ஒரே பெயரின் கீழ் ஒரு காலத்தில் பிளேட் வகையும் பிற்காலத்தில் கூம்பு வகையும் வந்திருக்கின்றன. மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் வண்டிகளின் எல்.எஸ்.டி. விஸ்கஸ் வகை, 1994 மாடலிலிருந்து வந்த 1.8 லிட்டர் வண்டிகளில் அது டோர்சன். "எம்எக்ஸ்-5 எல்.எஸ்.டி." என்று மட்டும் சொல்லி விற்கப்படுவது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

ஒட்டுச்சீட்டும் தகடும் பிழைத்திருந்தால் வேலை எளிது. ஃபோர்டின் பின் ஆக்சில் மூடியில் தொங்கும் சிறு தகட்டில் பல் விகித இலக்கங்களுக்கு நடுவே எல் என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அதாவது 3எல்73 என்பது போல அச்சிடப்பட்டிருந்தால், அது 3.73 விகிதமுள்ள எல்.எஸ்.டி. பிஎம்டபிள்யூவின் தகட்டில் விகிதத்துக்கு முன் எஸ் எழுத்து வரும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் உபகரணக் குறியீட்டுச் சீட்டில் ஜி80 என்றிருந்தால் பின் ஆக்சில் லாக் ஆகும் வகை அல்லது எல்.எஸ்.டி. என்று பொருள். நிஸானின் ஆர்180, ஆர்200, ஆர்230 ஆகிய பெயர்களில் உள்ள எண், கேரியரில் பூட்டிய பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்கிறதே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. தகடு எதைச் சொன்னாலும், முப்பது ஆண்டுகளில் யாரோ ஒருவர் உள்ளுறுப்பை மாற்றியிருக்கலாம் என்பதால் கைச்சோதனையைத் தவிர்க்கக்கூடாது.

கைச்சோதனைக்கு இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு சக்கரத்தை மெதுவாகச் சுழற்ற வேண்டும். மறுசக்கரம் அதே திசையில் சுழன்று, புரொப்பெல்லர் ஷாஃப்டும் கூடச் சுழன்றால், முன் அழுத்தம் உயிரோடு இருக்கும் பிளேட் வகையோ, கூம்பு வகையோ, லாக்கரோ, வெல்டிங் செய்யப்பட்டதோ உள்ளே இருக்கிறது. மறுசக்கரம் எதிர்த்திசையில் சுழன்றால் அது ஓப்பன் டிஃபரன்ஷியலாக இருக்கலாம். பிளேட் முற்றிலும் தேய்ந்த எல்.எஸ்.டி.யாக இருக்கலாம், முன் அழுத்தம் இல்லாத, முழு ஆரோக்கியமான ஹெலிகல் வகையாகவும் இருக்கலாம். ஜி80 குறியீட்டில் பரவலாக வந்த ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கரும் மெதுவாகச் சுற்றும்போது எதிர்த்திசையையே காட்டும், ஏனெனில் இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபாடு வந்தால்தான் வேக வேறுபாட்டை உணரும் அதன் கவர்னர் கொக்கியைப் பிடிக்கும். விஸ்கஸ் வகையை மிக மெதுவாகத் திருப்பினால் ஒரு விடையும் வேகமாகத் திருப்பினால் வேறு விடையும் வரும். அந்தக் குழப்பமே அதற்கான நல்ல அடையாளம்.

அடுத்த சோதனை எண்ணில் விடை தருவது. ஒரு சக்கரம் தரையில், மறுசக்கரம் காற்றில், கியர் நியூட்ரலில் இருக்க, தூக்கிய சக்கரத்தின் நடுவில் அடாப்டர் வைத்து, திருப்பு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச்சால் திருப்ப வேண்டும். கழற்றிய யூனிட் என்றால் ஒரு பக்க ஃபிளாஞ்சை (தண்டைப் பூட்டும் விளிம்பை) வைஸில் பிடித்து மறுபக்கத்தைத் திருப்பினால் போதும். நகரத் தொடங்கும்போது காட்டும் அளவே முறிவு டார்க். ஃபோர்டின் டிராக்‌ஷன்-லாக் பிளேட் வகைக்கு, பழைய பிளேட்டுகளோடு குறைந்தது 27 நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் அளவு. மற்றவற்றுக்கு அந்தந்த சர்வீஸ் மேனுவலின் அளவையே கொள்ள வேண்டும். பந்தயத்துக்காக அமைத்த பிளேட் வகைகளில் இது பல மடங்கு அதிகமாக இருக்கும். நகர்ந்த பின் டார்க் சற்றுக் குறைவது இயல்பு. ஆனால் சுழற்சி ஒரே சீராக இருக்க வேண்டும். விட்டு விட்டுப் பிடித்தால் பிளேட்டுகள் நெளிந்திருக்கின்றன அல்லது சூட்டில் கருகியிருக்கின்றன. விஸ்கஸ் வகை தேனுக்குள் கரண்டியைத் திருப்புவது போல ஒரே எதிர்ப்போடு நகரும். எவ்வளவு பலம் கொடுத்தாலும் அசையவே இல்லை என்றால் வெல்டிங்கையோ, இரு தண்டுகளையும் நிரந்தரமாகப் பூட்டும் ஸ்பூலையோ சந்தேகிக்க வேண்டும். நான் வாங்கிய "டைட்டான" யூனிட்டை இந்த ஒரு சோதனை ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்திருக்கும். நானோ ஃபிளாஞ்சைச் சுற்றிப் பார்த்து, இரண்டும் ஒரே திசையில் போகின்றன என்று மகிழ்ந்து வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

விகிதத்தைக் கண்டுபிடிக்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இரு சக்கரமும் சேர்ந்து சுழலும் யூனிட்டில், சக்கரத்தின் ஒரு முழுச் சுற்றுக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஓப்பன் வகையில் ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி மற்றதைச் சுற்றினால் கேரியர் பாதி வேகத்திலேயே சுழலும். ஆகவே சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றித்தான் எண்ண வேண்டும். 3.73-க்கும் 3.91-க்கும் உள்ள வேறுபாடு ஒரு சுற்றில் கண்ணுக்குப் பிடிபடாது. பத்துச் சுற்று எண்ணினால் 37-க்கும் 39-க்கும் உள்ள வேறுபாடாகத் தெளிவாகத் தெரியும். மூடியைத் திறக்க முடிந்தால் பற்களை எண்ணுவதே சிறந்தது: கிரவுன் வீலில் 41, அதைச் சுழற்றும் சிறு கியரான டெயில் பினியனில் 11 என்றால் 3.73.

மூடியைத் திறந்தவர் கேரியரின் ஜன்னல் வழியே உள்ளே பார்க்கலாம். குறுக்குத் தண்டில் இரண்டு ஸ்டார் பினியன்கள் மட்டும் தெரிந்து, இடையே வெற்றிடமாக இருந்தால் ஓப்பன். அந்த இடத்தில் எஸ் வடிவ ஸ்பிரிங்கோ, தட்டுகளுக்கு நடுவே நிற்கும் சுருள் ஸ்பிரிங்குகளோ இருந்தால் முன் அழுத்தமுள்ள வகை. ஸ்டார் பினியனே இல்லாமல், கேரியரின் துளைகளில் சாய்ந்த பற்கள் கொண்ட நீண்ட கியர்கள் தெரிந்தால் ஹெலிகல்.

அறிகுறி: ஒரு சக்கரம் மட்டும் சுழல்கிறது, வண்டி நகரவில்லை

பிளேட் வகை என்றால் முறிவு டார்க்கை அளந்து பார்க்க வேண்டும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால் பிளேட் தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ, பிளேட்டுகள் சீராக வழுக்க ஆயிலில் கலக்கும் உராய்வு மாற்றியை அளவுக்கு மீறி ஊற்றியிருக்கிறார்கள். இரண்டாவதைச் சரிசெய்வது எளிது என்பதால் அதையே முதலில் ஐயுற வேண்டும்: ஆயிலை மாற்றி, தயாரிப்பாளர் சொன்ன அளவு மட்டும் சேர்த்து, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி அளக்கலாம். கூம்பு வகையில் தேய்ந்த கூம்பு தன் இருக்கையின் அடியில் முட்டிவிடும். பெரும்பாலானவற்றில் உதிரி பாகம் போட்டு மீட்க வழியில்லை.

ஹெலிகல் வகை என்றால் இது பழுதே அல்லாமல் இருக்கலாம். இந்த வகை, குறைந்த பிடிப்புள்ள சக்கரம் தாங்கும் விசையை ஒரு குறிப்பிட்ட மடங்காகப் பெருக்கி மறுபக்கத்துக்குக் கொடுக்கிறது. சக்கரம் முழுவதும் காற்றில் தொங்கினால் தாங்கும் விசை ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யம்தான். அந்த மடங்கு 3 என்று வைத்துக்கொள்வோம். ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்துத் தொங்கும் சக்கரத்தில் 50 நியூட்டன் மீட்டர் தடையை உண்டாக்கினால், தரையில் உள்ள சக்கரத்துக்கு 150 வரை போகும்; அதே பிரேக் அங்கேயும் 50-ஐத் தின்றுவிடுவதால், வண்டியைத் தள்ள 100 மிஞ்சும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கும் வண்டியில், பிரேக்கை லேசாகப் பிடித்தவுடன் வண்டி நகர்ந்தால் டிஃபரன்ஷியல் நலமாக இருக்கிறது.

விஸ்கஸ் வகையில் திரவம் ஆண்டுக்கணக்கில் சூடேறி வலுவிழப்பது இயல்பான முடிவு. வெளியே கசிவு தெரியாது, சத்தம் வராது. மெல்ல மெல்ல ஓப்பனாக மாறிவிடும். முத்திரையிட்ட யூனிட் என்பதால் ஹவுசிங்கில் எந்த ஆயிலை மாற்றினாலும் அதன் பிடிப்பு திரும்பாது. பழைய விஸ்கஸ் யூனிட்டை அதன் பிடிப்புக்காகவே வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. ஈட்டன் லாக்கர் உள்ள வண்டியை மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் சோதித்துவிட்டு "லாக் ஆகவில்லை" என்பதும் தவறு. அந்த வேகத்துக்கு மேல் பிடிக்காதபடியே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

அறிகுறி: மெதுவாக வளைக்கும்போது பின்பக்கம் உதறுகிறது

வண்டி நிறுத்தும் இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது பின்னாலிருந்து கடகடவென்ற உதறலும் முனகலும் வந்து, நேரான பாதைக்கு வந்ததும் அடங்கிவிட்டால், அது பிளேட் அல்லது கூம்பு வகையின் குரல். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல வேண்டும் என்பதால் பிளேட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கியாக வேண்டும். ஆனால் நிலை உராய்வு இயக்க உராய்வைவிட அதிகமாக இருக்கும் ஆயிலில் அவை வழுக்காமல் ஒட்டிக்கொண்டு, விசை சேர்ந்ததும் சட்டென்று விட்டு, மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. நொடிக்குப் பல முறை நடக்கும் இந்த ஒட்டலும் விடலும்தான் உதறலாக ஆக்சில் முழுவதும் பரவுகிறது. உராய்வு மாற்றி என்னும் சேர்மம் இந்த இரு உராய்வுகளின் வேறுபாட்டைக் குறைக்கிறது.

எனவே முதல் ஐயம் ஆயிலின் மேல். யாரோ சாதாரண ஜி.எல்.-5 தரக் கியர் ஆயிலை ஊற்றி, மாற்றியைச் சேர்க்க மறந்திருப்பது நான் பார்த்தவற்றில் மிகச் சாதாரணமான காரணம். பழைய ஆயிலை முழுவதும் வடித்து, மேனுவல் சொல்லும் பிசுபிசுப்பு அளவில், பெரும்பாலும் 75டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-140, எல்.எஸ்.டி.க்கென்று குறிக்கப்பட்ட ஆயிலை ஊற்ற வேண்டும். எல்.எஸ்.டி. ஆயில்களில் பலவற்றில் மாற்றி ஏற்கெனவே கலந்திருக்கும். டப்பாவில் அப்படி எழுதியிருந்தால் தனியாக மேலும் சேர்க்கக்கூடாது. தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தால், அமெரிக்க வண்டிகளுக்கான சிறு புட்டி வழக்கமாக 118 மில்லிலிட்டர் கொண்டது. முழுவதையும் ஒரே தடவையில் கொட்டாமல் பாதி ஊற்றி ஓட்டிப் பார்த்து, உதறல் மிஞ்சினால் மட்டும் மீதியை ஊற்றுவது என் வழக்கம். கூடுதலாகச் சேர்த்தால் உதறலோடு பிடிப்பும் போய்விடும்.

புதிய ஆயில் ஊற்றியவுடன் உதறல் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. பிளேட்டுகளின் இடுக்கில் பழைய ஆயில் தங்கியிருக்கும். திறந்த வெளியில் எட்டு வடிவத்தில் இரு பக்கமும் பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாகச் சுற்றினால்தான் புது ஆயில் உள்ளே புகும். அதற்குப் பிறகும், ஓரிரு வாரம் ஓட்டிய பிறகும் உதறல் நீடித்தால் பிளேட்டுகளின் பரப்பு கண்ணாடி போல மழமழப்பாகியிருக்கும் அல்லது இரும்புத் தட்டுகள் நீலம் பாரித்திருக்கும். அப்போது பிரித்தாக வேண்டும்.

இந்த உதறலை வேறு இரண்டோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் டிரைவ் ஷாஃப்டின் சி.வி. ஜாயிண்ட் தேய்ந்தால் வரும் டிக் டிக் ஒலி, விசை கொடுக்கும்போது கூடி, சக்கர வேகத்தோடு தாளம் தப்பாமல் ஒலிக்கும். பிளேட் உதறலில் அப்படிப்பட்ட தாளம் இருக்காது. இரண்டாவது, பந்தயத்துக்கான பிளேட் டிஃபரன்ஷியல். அதிக முன் அழுத்தத்தோடு அமைத்த அவை நல்ல நிலையிலும் வளைவில் உறுமும், டயரைக் கீச்சிட வைக்கும். ஹெலிகல் வகைக்கு உராய்வு மாற்றி தேவையே இல்லை. அதில் உதறல் வந்தால் காரணத்தை வேறெங்காவதுதான் தேட வேண்டும்.

அறிகுறி: எந்த வளைவிலும் உள்டயர் இழுபடுகிறது, ஸ்டியரிங் வெளியே தள்ளுகிறது

இங்கே டிஃபரன்ஷியல் விடவே மறுக்கிறது. வெல்டிங், ஸ்பூல், இறுகிப்போன விஸ்கஸ், அல்லது மறுசீரமைப்பில் அளவுக்கு மீறி ஷிம் (இடைத்தகடு) போடப்பட்ட பிளேட் அடுக்கு ஆகிய நான்கில் ஒன்று. முறிவு டார்க் சோதனை முதல் இரண்டையும் மற்றவற்றிலிருந்து பிரித்துவிடும். விஸ்கஸ் யூனிட் நீண்ட நேரம் வழுக்கிச் சூடேறினால் உள்ளே அழுத்தம் உயர்ந்து தட்டுகள் ஒன்றையொன்று தொட்டு ஏறக்குறையப் பூட்டிக்கொள்ளும். ஆறிய பின் பெரும்பாலும் விட்டுவிடும். ஆறிய பிறகும் விடாவிட்டால் அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பந்தயப் பிளேட் வகைகளில் சரிவுகளின் வடிவமும் இங்கே பேசும். விசை கொடுக்கும்போது மட்டும் இறுகுவது ஒரு வழி. ஆக்சிலரேட்டரை விடும்போதும் அதே அளவு இறுகுவது இரு வழி. இரண்டுக்கும் நடுவிலானதை ஒன்றரை வழி என்பார்கள். வளைவுக்குள் நுழையும் நேரத்தில், ஆக்சிலரேட்டரை விட்டவுடன் மட்டும் வண்டி வெளியே தள்ளினால், உள்ளே இரு வழி அமைப்பு இருக்கிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். அது பழுதல்ல, வாங்கியவரின் தேவைக்குப் பொருந்தாத பொருள்.

அறிகுறி: ஆயில் விரைவில் கருகுகிறது, பிளேட் அடிக்கடி தேய்கிறது

டிஃபரன்ஷியலைப் பிரிக்கும் முன் டயர்களைப் பார்க்க வேண்டும். 225/45 ஆர்17 டயர் ஒன்றின் சுற்றளவு சுமார் 1,993 மி.மீ.; அதே டயர் 3 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு கிட்டத்தட்ட 19 மி.மீ. குறையும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் இப்படித் தேய்ந்ததும் பூட்டினால், நேரான பாதையிலேயே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சக்கரம் மற்றதைவிட ஏறக்குறைய 5 சுற்று அதிகம் சுற்றுகிறது. ஓப்பன் டிஃபரன்ஷியலுக்கு இது பொருட்டல்ல. பிளேட்டுக்கும் விஸ்கஸுக்கும் இது ஓய்வே இல்லாத வழுக்கல். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் வண்டி மாறி மாறி ஒரு பக்கமாக நழுவுவதும் இதனால் வரலாம். பின்சக்கரங்களில் ஒரே தயாரிப்பு, ஒரே அளவு, ஒரே தேய்மானம் கொண்ட டயர்களையே பூட்ட வேண்டும். சிறிய தற்காலிக ஸ்டெப்னியைப் பின்னால் பூட்டி நீண்ட தூரம் ஓட்டக்கூடாது. ஸ்டெப்னியை முன்னால் போட்டு, நல்ல முன்டயரைப் பின்னால் கொண்டுவரும் சிரமம், பிளேட் மாற்றும் சிரமத்தைவிடக் குறைவுதான்.

அறிகுறி: ஊளை, உறுமல்

இந்த ஒலிகள் எல்.எஸ்.டி. அமைப்பால் வருபவை அல்ல. கிரவுன் வீல், டெயில் பினியன், பேரிங் ஆகியவற்றால் வருபவை. ஆனால் பழைய எல்.எஸ்.டி. கேரியரைப் பழைய ஹவுசிங்கில் மாற்றியவர்களுக்கே இவை அடிக்கடி நேர்கின்றன, ஏனெனில் கேரியர் மாறினால் கிரவுன் வீலின் இடமும் சிறிது மாறும். விசை கொடுக்கும்போது மட்டுமோ விடும்போது மட்டுமோ ஊளை வந்தால் பல்தொடர்பு தவறு. விசைக்குச் சம்பந்தமில்லாமல் வேகத்தோடு உறுமல் கூடினால் பேரிங். ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாகத் திருப்பும்போது உறுமல் மாறினால் அது பெரும்பாலும் சக்கர பேரிங். அதற்காக டிஃபரன்ஷியலைத் திறக்க வேண்டாம்.

பல்தொடர்பைப் பார்க்க, பற்களில் அடையாளப் பசை தடவி, கிரவுன் வீலுக்குச் சிறிது தடை கொடுத்து இரு திசையிலும் சுற்ற வேண்டும். தடம் பல்லின் அடிப்பக்கம் விழுந்தால் டெயில் பினியன் மிகவும் உள்ளே இருக்கிறது; நுனிப்பக்கம் விழுந்தால் வெளியே இருக்கிறது. பற்களின் இடைப்பிளே பல அமைப்புகளில் 0.15 முதல் 0.25 மி.மீ. வரை, ஃபோர்டு 8.8 அங்குல ஆக்சிலுக்கு 0.20 முதல் 0.38 மி.மீ. வரை. கிரவுன் வீலும் டெயில் பினியனும் சேர்த்தே மெருகேற்றப்பட்ட இணை. ஒன்றை மட்டும் வேறொன்றிலிருந்து எடுத்துப் போடுவது ஊளையை விலை கொடுத்து வாங்குவதாகும்.

அறிகுறி: கியர் போடும்போது "டொக்" என்ற அடி

வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ்கள், ஸ்பிளைன், டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் ஆகியவற்றை முதலில் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தால் உள்ளே குறுக்குத் தண்டின் தேய்மானம், சன் கியர் வாஷர்கள், இடைப்பிளே என்ற வரிசை. சரிவுகளில் குறுக்குத் தண்டு நகரும் பிளேட் வகைகளிலும், கியர்கள் அச்சுவாக்கில் சற்று நகர்ந்து அமரும் ஹெலிகல் வகையிலும், ஆக்சிலரேட்டரை மாற்றும்போது லேசான அடி இயல்பாகவே உண்டு.

அறிகுறி: ஆயில் கசிவு

முதலில் பிரீதர் என்னும் காற்றுத் துளை. அதில் சேறு அடைத்தால் சூடேறிய காற்று வெளியேற வழியின்றி நல்ல சீலைத் தாண்டியும் ஆயிலைத் தள்ளும். அதைச் சுத்தம் செய்த பிறகும் டெயில் பினியன் சீல் கசிந்தால் சீலை மாற்றலாம். ஆனால் இறுக்கும்போது நசுங்கிப் பேரிங்கின் அழுத்தத்தை நிர்ணயிக்கும் ஸ்லீவ் உள்ள அமைப்பில் பினியன் நட்டை விருப்பம்போல இறுக்கக்கூடாது: நட்டுக்கும் தண்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் சேர்த்து அடையாளம் இட்டு, கழற்றும் முன் சுழற்சித் தடையை அளந்து வைக்க வேண்டும். பழைய பேரிங்கோடு ஃபோர்டு 8.8-க்கு அது 0.9 முதல் 1.6 நியூட்டன் மீட்டர். ஃபிளாஞ்சில் சீல் உதடு உரசிய பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் கசியும்.

ஆயில் மாற்றும்போது பார்க்க வேண்டியவை

வடிக்கும் போல்ட்டுக்கு முன் நிரப்பும் போல்ட்டைத் திறக்க வேண்டும். அது துருப்பிடித்து அசையாமல் போனால், ஆயிலை வடித்துவிட்ட வண்டி நகர முடியாமல் நின்றுவிடும். ஓட்டி வந்த உடனே, ஆயில் சூடாக இருக்கும்போது வடிப்பது நல்லது. காந்தத்தில் மையைப் போன்ற சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலையில்லை. ஊசி போன்ற துண்டுகளோ செதில்களோ இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைந்துகொண்டிருக்கிறது. பால் போல வெளுத்த ஆயிலில் நீர் கலந்திருக்கிறது. கருகிய வாடையும் அடர்ந்த கறுப்பும் பிளேட்டுகளைச் சுட்டுகின்றன. டெயில் பினியன் கிரவுன் வீலின் மையத்திலிருந்து விலகி அமரும் ஹைபாய்டு பற்களுக்கு ஜி.எல்.-4 தர ஆயில் போதாது. வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் தளும்பும்வரை ஊற்ற வேண்டும். வரலாறு தெரியாத யூனிட் என்றால், பொருத்தியதும் ஒரு முறையும், முதல் 1,000 கிலோமீட்டரில் மீண்டும் ஒரு முறையும் மாற்றுவது என் பழக்கம்; இரண்டாவது முறை வடியும் ஆயில்தான் அந்த யூனிட்டின் உண்மை நிலையைச் சொல்லும்.

பிரிப்பவருக்கு

பேரிங் மூடிகளை இடம் வலம் மாற்றவோ தலைகீழாகப் பூட்டவோ கூடாது. கழற்றும் முன் பஞ்ச்சால் குறியிட வேண்டும். ஓரத்து ஷிம்களையும் அதே பக்கத்தோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். கிரைஸ்லரின் 8¾ அங்குல ஆக்சில் போலச் சிலவற்றில் கிரவுன் வீல் போல்ட்டுகள் இடது மரை கொண்டவை. அசையாத போல்ட்டை உடைக்கும் முன் தலையைப் பார்க்க வேண்டும்.

பிளேட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே கம்பியில் கோத்து வைத்து, மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றின் தடிமனையும் மூன்று நான்கு இடங்களில் அளந்து, சமதளக் கண்ணாடியில் வைத்து நெளிவைப் பார்க்க வேண்டும். நீலம் பாரித்தது, நெளிந்தது, காது உடைந்தது எதையும் திரும்பப் போடக்கூடாது. பிளேட்டின் காதுகள் கேரியரில் குழி பறித்திருந்தால், புதுப் பிளேட் அந்தக் குழியில் சிக்கி நகராது. அத்தகைய கேரியரில் புதுப் பிளேட்டுகளைப் போடுவதில் பயனில்லை. புதிய உராய்வு பிளேட்டுகளை, மாற்றி கலந்த ஆயிலில் குறைந்தது அரைமணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, ஊறவைத்தே அடுக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் ஹவுசிங்கில் ஏற்றுவதற்கு முன்பே, மேசையில் வைத்து முறிவு டார்க்கை மறுபடி அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு கழித்து வண்டியிலேயே அதே சோதனையைச் செய்யும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் தேவைப்படும்.